கொம்பில் ஏறிய வெள்ளைப் பறவை

எனாமல் பெயிண்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கும்போது எழும் நெடி எனக்கு இன்றும் ஆகாது. வீட்டுக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தாலும் சரி, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கம்பிக்குப் பூசினாலும் சரி, அந்த நெடி மூக்கில் ஏறியதும் மடித்த காகிதம் ஒன்று இடுப்பில் குத்துவதுபோல இருக்கும். என் கணவர் இதை ஒவ்வாமை என்று முடிவு கட்டி மாத்திரைகூட வாங்கித் தந்திருக்கிறார், நானும் மறுபேச்சில்லாமல் விழுங்கியிருக்கிறேன். ஆனால் அது ஒவ்வாமை இல்லை, வெட்கம். கள்ளக்குறிச்சியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்மையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற ஒருத்திக்கு, நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் பத்து வயதில் செய்த ஒரு காரியத்தை வீட்டில் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை என்றால் அதற்கு வேறு பெயர் கிடையாது.

சொல்லத் தொடங்குமுன் ஒன்று. இதில் வரும் ஆட்களின் பெயர்களையும் பட்டப்பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஊர் மணலூர்பேட்டைக்குப் பக்கம் என்பதற்கு மேல் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது கடைசியில் தெரியும்.

என் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, வளைகுடாவில் ஒரு சின்ன நாட்டு விமான நிலையத்தில் வேலை பார்த்தார். ஊரில் கேட்டவர்களுக்கு "ஏர்போர்ட்ல ஆபீசர்" என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். உண்மையில் அவர் விமானத்தின் வயிற்றுக்குள் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் எழுதிய கடிதங்களில் இருந்தது. ஒருமுறை அவர் நாட்காட்டி ஒன்றை அனுப்பினார். பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு விமானம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டுடையது. ஆனால் முழு விமானம் ஒரு படத்திலும் இல்லை, வால் மட்டும்தான். ஒரு வாலில் பூ, ஒன்றில் வளைந்த கொம்பு வைத்த மான், ஒன்றில் கிரீடம், இன்னொன்றில் ஒரு படமும் இல்லாமல் அந்த நாட்டுக் கொடியின் பட்டைகள் மட்டும். வால் எதற்கு என்று நான் எழுதிக் கேட்டதற்குச் சித்தப்பா எழுதிய பதில் இன்னும் நினைவிருக்கிறது. விமானம் தரையில் வந்து நின்றதும் ஏணியும் வண்டியும் ஆட்களும் சூழ்ந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும், வால் மட்டுந்தான் எல்லாவற்றுக்கும் மேலே தெரியும், அதனால் ஒவ்வொரு நாடும் தான் யார் என்பதை வாலில்தான் எழுதிவைக்கிறது, எழுதியிருக்கும் பாஷை எனக்குப் படிக்கத் தெரியாது, வாலைப் பார்த்துத்தான் எந்தப் பெட்டி எதற்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்கிறேன் என்று எழுதியிருந்தார்.

வருடம் முடிந்ததும் நாட்காட்டி எனக்கு வந்தது. தேதிகளைக் கத்தரித்துவிட்டு வால்களை மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த வால்களை வைத்து நானும் அஞ்சலையும் எங்கள் கழனியில் பம்புசெட்டுக்குப் போட்டிருந்த "மோட்டார் கொட்டாயில்" உட்கார்ந்து விளையாடுவோம். அஞ்சலை, எங்கள் மாடுகளைப் பார்த்துக்கொண்ட ஏழுமலையின் மகள், என் வகுப்பு. நான் ஒரு வாலைப் பாதி மறைத்துக் காட்டுவேன், அவள் நாட்டைச் சொல்ல வேண்டும். பதினைந்து நாளில் அவள் ஒரு மூலையைப் பார்த்தே சொல்லிவிடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள், எனக்கு எரிச்சலாக வரும். பன்னிரண்டில் நம் நாட்டு வால் இல்லை என்று முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான். சிலேட்டில் நாங்களே ஒன்று போட்டோம். நான் மயில் வரைந்தேன். அவள் ஒரு மாட்டுத் தலையை வரைந்தாள். மாடு எங்கேயாவது பறக்குமா என்று நான் கேலி செய்தேன், மயில் மட்டும் எவ்வளவு தூரம் பறக்குமாம் என்று அவள் கேட்டாள்.

பள்ளிக்கூடத்தில் அவள் என்னை "சுமதி, நீ" என்பாள். எங்கள் களத்துக்குள் வந்துவிட்டால் "பாப்பா, நீங்க" என்று மாறிவிடும். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. எங்கள் களத்து எல்லையில் ஒரு புளியமரம் நின்றது, அந்த மரத்தைத் தாண்டும்போது அவள் வாயில் சொல் மாறும், அவ்வளவுதான். நானோ என் அப்பா வயதுக்காரரான அவள் அப்பாவை "ஏழுமலை, இங்க வா" என்றுதான் கூப்பிட்டேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் அன்றைக்கு அது கூசவில்லை.

இனி மாட்டுக் கொம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பு சீவி வர்ணம் பூசுவது வெறும் அலங்காரம் கிடையாது. எந்த வீடு எந்தக் கட்சி, எந்தத் தெரு யார் பக்கம் என்பதைத் தேர்தல் சமயத்தில் சுவரில் தேடுவதைவிடத் தை மாதத்தில் கொம்பில் பார்த்துவிடலாம். கட்சி மாறியவர் முதலில் கொம்பின் நிறத்தைத்தான் மாற்றுவார், கரை வேட்டி அப்புறம்தான். எங்கள் வீட்டு மாடுகள் செவலைக்கும் மயிலைக்கும் வருடா வருடம் இரண்டு கொம்பும் முழுப் பச்சை. எந்தக் கட்சியும் பச்சையை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளவில்லை, ஆகவே நான் யார் பக்கமும் இல்லை என்பதை அப்பா அப்படி ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருடம் கார்த்திகை வாக்கில் ஏழுமலை குடியிருந்த காலனி முகப்பில் ஒரு கொடிக்கம்பம் நட்டார்கள். நீலமும் சிவப்புமாக ஒரு கொடி, நடுவில் வெள்ளை நட்சத்திரம். கம்பத்தின் உயரம் ஜாஸ்தி என்று ஊர்த்தெருவில் நாலு பேர் கூடினால் அதே பேச்சாக இருந்தது.

மார்கழிக் கடைசியில் சித்தப்பாவின் கடிதம் வந்தது. பொங்கலுக்கு வருகிறேன், நான் பெட்டி ஏற்றும் அந்த நாட்டு விமானத்திலேயே ஏறி வருகிறேன் என்று எழுதியிருந்தார். அந்த வால் என்னிடம் இருந்தது. மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி சிவப்பு, நடுவில் சிறகை விரித்த வெள்ளைப் பறவை. அந்தக் கம்பெனியின் பெயரை எழுத வேண்டியதில்லை, அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. எனக்கு யோசனை உதித்தது அப்போதுதான். சித்தப்பா ஊருக்குள் நுழையும்போது எங்கள் வீட்டு மாடுகள் அவருடைய விமானத்தின் வாலைக் கொம்பில் வைத்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும். நாட்டுக்கு வால் என்றால் எங்கள் வீட்டுக்குக் கொம்பு. அவர் சிரிப்பதையும் என்னைத் தூக்கிக்கொள்வதையும் நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

பொங்கலன்று பிற்பகல் மோட்டார் கொட்டாய்க்குப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். கொட்டாய்க் கதவுக்கு அடித்த மீதி நீலம் ஒரு டப்பாவிலும், வண்டிச் சக்கரத்துக்கு அடித்த மீதி சிவப்பு இன்னொன்றிலும் இருந்தன. ஏழுமலை கொம்பு சீவி முடித்து, பச்சை டப்பாவைத் திறந்து மண்ணெண்ணெய் கலந்துகொண்டிருந்தார். நான் படத்தைக் காட்டி இந்த மாதிரி அடிக்க வேண்டும் என்றேன். அவர் படத்தை வாங்கவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றே பார்த்தார்.

"இந்தக் கலரு வேணாம் பாப்பா. பச்சையே இருக்கட்டும்" என்றார்.

சித்தப்பா வரும் விமானம் இது என்றேன். அதற்கும் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். அவர் ஏன் தயங்குகிறார் என்பது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும் என்றாலும் முழு உண்மையாகாது. கம்பத்தில் பறந்த கொடியை நான் தினமும் பார்த்திருக்கிறேன், அதன் நிறம் தெரியும். ஆனால் என் கையில் இருந்தது சித்தப்பாவின் வால், அதற்கும் இதற்கும் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடம்பிடித்தேன். கடைசியில் அவர், "ஆண்டைக்குத் தெரியுமா?" என்று கேட்டார். ஆண்டை என்றால் என் அப்பா. நான் கண்ணை இமைக்காமல், "அப்பாதான் அடிக்கச் சொன்னாரு" என்றேன். அவர் பச்சை டப்பாவை மூடிவிட்டார். ஆண்டை சொன்னார் என்றால் அதற்கு அப்பால் அவருக்குக் கேள்வி கிடையாது, அந்தச் சொல்லின் பலம் எனக்குப் பத்து வயதிலேயே தெரிந்திருந்தது.

நான்கு கொம்புகளிலும் அடியில் சிவப்பு, மேலே நீலம். வேப்பங்குச்சியை நசுக்கிச் செய்த தூரிகையால் கோடு பிசகாமல் அடித்தார் ஏழுமலை. பறவையை மட்டும் அஞ்சலை வரைந்தாள். வெள்ளைப் பெயிண்ட் இல்லாததால் சுண்ணாம்பைக் குழைத்து விரலால் தொட்டு, ஒரு கையில் என் படத்தைப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி ஒவ்வொரு கொம்பிலும் ஒவ்வொரு பறவை வரைந்தாள். அவள் விரல்பட்டுப் படத்தின் ஓரத்தில் சுண்ணாம்பு ஒட்டியது, அதற்கு நான் அவளைத் திட்டினேன். பெயிண்ட் காய்வதற்குள் பூசிய சுண்ணாம்பு இளகி மெல்லப் பரவிக்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. தலை, இரண்டு சிறகு, வால், கால் என்று பறவையாகத்தான் அவள் வரைந்தாள். காலையில் பார்த்தால் வளைந்த கொம்பின்மேல் ஐந்து முனை வைத்த வெள்ளையாக அது காய்ந்திருந்தது.

மறுநாள் மாட்டுப் பொங்கல். சித்தப்பா அதுவரை வந்து சேரவில்லை. லீவு ரத்தானதைச் சொல்லும் தந்தி ஒரு நாள் கழித்துத்தான் வந்தது. ஏழுமலை மாடுகளை ஆற்றில் கழுவி, மாலை போட்டு, பிள்ளையார் கோயில் முன்னால் ஓட்டிவந்தார். அஞ்சலை மயிலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் புதுப் பாவாடையின் இடுப்பில் படத்தை மடித்துச் செருகியிருந்தேன், சித்தப்பா வந்ததும் பக்கத்தில் வைத்துக் காட்டுவதற்காக.

கோயில் முன்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். எனக்குப் பெரியப்பா முறையான ஒருவர் எழுந்து வந்து செவலையின் கொம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இன்னாடா இது? யார் வூட்டு மாட்டுக்கு எந்தத் தெருக் கொடி?" என்று கேட்டார்.

ஏழுமலை முதலில் சிரித்தார். பிளேன் வாலுங்க, சின்ன ஆண்டை வர்ற பிளேன் என்றார். கூட்டமும் சிரித்தது, ஆனால் அந்தச் சிரிப்பு வேறு. கொடியை ஏற்றியது போதாமல் மாட்டின் தலையிலேயே ஏற்றிவிட்டு வாயைப் பார் என்று ஒருவர் சொன்னார். ஓர் இளவட்டம் ஏழுமலையின் தோளில் இருந்த துண்டை உருவித் தரையில் போட்டான். அதற்குள் அப்பா வந்துவிட்டார். அப்பா சத்தம் போடுகிறவர் இல்லை. யார் சொல்லி அடித்தாய் என்று மெதுவாகத்தான் கேட்டார். ஆண்டைதான் சொன்னதாக என்று ஏழுமலை தொடங்கி, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"பாப்பா சொல்லிச்சிங்க. பாப்பா கையில படம் இருக்குதுங்க ஆண்டை. அதக் காட்டச் சொல்லுங்க, உங்களுக்கே தெரியும்."

தெரு முழுக்க என் பக்கம் திரும்பியது. படம் என் இடுப்பில் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும், நான்கு விரல் அகலக் காகிதம். நீட்டினால் நான் அப்பா பெயரைச் சொல்லிப் பொய் சொன்னது வெளியே வரும், ஊர் முன்னால் அப்பாவுக்குத் தலைகுனிவு, வீட்டுக்குப் போனதும் எனக்கு அடி. இந்தக் கணக்குத்தான் என் மண்டையில் ஓடியது. அந்தப் பக்கம் நிற்கும் மனிதருக்கு என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. படம் இருக்கிறதா என்று அப்பா கேட்டார்.

"எங்கிட்ட எந்தப் படமும் இல்ல" என்றேன்.

நீயா அடிக்கச் சொன்னாய் என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அஞ்சலை மயிலைக்கு அந்தப் பக்கம் நின்றபடி என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் நான் செருகும்போது பார்த்தவள் அவள். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

ஏழுமலையை அப்பா காலில் விழச் சொன்னார்கள். விழுந்தார். அப்புறம் கண்ணாடிச் சில்லு ஒன்றைக் கொடுத்து எல்லோர் முன்னிலையிலும் கொம்பைச் சுரண்டச் சொன்னார்கள். நான்கு கொம்பையும் சுரண்டி முடிக்க வெயில் ஏறிவிட்டது. அடியில் இன்னும் காயாத பெயிண்ட் அவர் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது, மாடுகள் வலியில் தலையை உதறின, அவர் அவற்றிடம் மட்டும் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே சுரண்டினார். என்னை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. முடிந்ததும் அப்பா நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஊரில் வேறு யாரும் அவரைக் கழனியில் சேர்த்துக்கொள்ளவில்லை. பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அஞ்சலையின் இடம் காலியாக இருந்தது. குடும்பத்தோடு கல்வராயன் மலைக்கு மரவள்ளி பிடுங்கப் போய்விட்டார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். அவள் எங்கள் வகுப்பில் முதல் மாணவி. அந்த முழுஆண்டுப் பரீட்சையில் முதலாவதாக வந்தது நான். அப்பா எனக்குக் கைக்கடிகாரம் வாங்கித் தந்தார்.

சித்தப்பா சித்திரையில் வந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா இந்தக் கதையைச் சொன்னார். நீலம் சிவப்பு, நடுவில் வெள்ளையா, எங்கள் பிளேன்கூட என்று சித்தப்பா ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் வாக்கியத்தை முடிக்காமல் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். பெரிய ஆபீசர் என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கும்போது வாலைப் பற்றி அதிகம் பேச அவருக்கும் தைரியம் வரவில்லையோ என்னவோ. எப்படியோ அன்றிலிருந்து இந்த விஷயம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேசாமலே கிடந்தது, போன வருடம் அவர் இறக்கும்வரை.

படத்தை நான் கிழித்துப் போடவில்லை. பள்ளிப் புத்தகத்திலிருந்து கல்லூரி நோட்டுக்கும், அங்கிருந்து கல்யாணப் பெட்டிக்கும் அது என்னோடு வந்தது. போன ஆவணியில் வேலைக்குப் புறப்பட்ட என் அண்ணன் மகனை வழியனுப்பச் சென்னை விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். அதே நாட்டு விமானத்தில்தான் போகிறேன் என்று அவன் சொன்னதும் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். வால் தெரிந்தது. வெளிர் சாம்பல் நிறம், குறுக்கே இரண்டு வளைந்த கோடு. பறவையும் இல்லை, நீலமும் சிவப்பும் இல்லை. புது வர்ணம் அடித்துப் பல வருடம் ஆகிறது அத்தை, உலகத்துக்கே பிடிக்கிற மாதிரி மாற்றினார்களாம் என்று அவன் சொன்னான். எனக்கு ஏனோ பதறிப்போய்விட்டது. ஏழுமலை சொன்னது உண்மை என்பதற்கு இனி உலகத்தில் மிச்சம் இருப்பது என் பெட்டிக்குள் இருக்கும் காகிதம் ஒன்றுதான் என்று தோன்றியது. அதை உரியவர் கையில் சேர்த்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். சேர்த்துவிட்டால் எனக்கும் விடிந்துவிடும் என்ற ஆசை அதில் முக்கால்வாசி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்குப் போய்க் காலனியில் விசாரித்தேன். ஏழுமலை என்றதும் ஒரு முதியவர், "கொடி ஏழுமலையா?" என்று கேட்டார். அந்தப் பட்டப்பெயர் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பழி இன்னும் போகவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவர் இறந்து நாலைந்து வருடம் ஆகிறது, மகள் வெள்ளிமலையில் டிபன் கடை வைத்திருக்கிறாள் என்றார்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் பஸ்ஸில், சொல்ல வேண்டியதை மனதுக்குள் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடையில் கூட்டம் இல்லாத பிற்பகல் நேரம். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, டீயா டிபனா என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "உக்காரு சுமதி" என்றாள். பள்ளிக்கூடத்துப் பேச்சு அது. சுவரில் ஏழுமலையின் படம் மாலையோடு இருந்தது, தோளில் சால்வை, கூப்பிய கை. நான் பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தேன். நீலம் வெளுத்திருந்தது, பறவை அப்படியே இருந்தது. ஓரத்தில் சுண்ணாம்புத் தடம். நான் மனப்பாடம் செய்த எதையும் சொல்ல முடியவில்லை. அன்று இது என் இடுப்பில் இருந்தது, காட்டாமல் விட்டேன், மன்னித்துக்கொள் என்று மட்டும் சொல்லி அழுதேன்.

அவள் அழவில்லை. "இத எடுத்துக்கினு வருவேன்னு ரொம்ப வருசம் நெனச்சிக்கினு இருந்தேன். அப்புறம் நெனைக்கிறத வுட்டுட்டேன்" என்றாள்.

பிறகு மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். மலைக்கு வந்த புதிதில் அவள் அப்பா பார்த்தவர்களிடமெல்லாம் அது பிளேன் வால்தான் என்று சொல்வாராம். யாரும் நம்பவில்லை, பிளேன் ஏழுமலை என்று கிண்டல் செய்தார்கள். சில வருடம் கழித்து எங்கள் ஊர்க் காலனிப் பிள்ளைகள் வளர்ந்து, படித்து, அவரைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ஆண்டை வீட்டு மாட்டுக் கொம்பிலேயே நம் கொடியை அடித்தவர் என்று கூட்டத்துக்கு அழைத்துப்போனார்கள். ரெண்டு கூட்டத்தில் அவர் இல்லை இல்லை என்றே சொல்லிப் பார்த்தாராம்.

"மூணாவது கூட்டத்துல சால்வை போட்டாங்க. பேசாம வாங்கிக்கினாரு. அன்னிக்கு வூட்டுக்கு வந்து ரெண்டு தபா சோறு வாங்கித் துன்னாரு. அதுக்கப்புறம் அவரே சொல்ல ஆரம்பிச்சிட்டாரு, ஆமா நாந்தான் அடிச்சேன்னு. செத்தப்ப மூணு வண்டில ஆளுங்க வந்தாங்க சுமதி. கம்பத்துல கொடிய அரைக்கு எறக்கினாங்க." நிறுத்திவிட்டுச் சுவரில் மாலையோடு இருந்த படத்தைக் காட்டினாள். "இப்ப போயி அது பிளேனுன்னு சொன்னா, எங்கப்பா யாரு?"

நான் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அத உள்ள வெய்" என்றாள். வெளியே பைக் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "எம் பையன் வர்றான். உள்ள வெய்யி."

மடித்தேன். கை தானாக இடுப்புக்குப் போனது, பிறகு பைக்குள் போட்டேன். உள்ளே வந்த பையனிடம், ஒண்ணாப் படிச்சவங்க, டீச்சரா இருக்காங்க என்று என்னை அறிமுகப்படுத்தினாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் என்னைக் கொண்டுவிடச் சொன்னாள். ஏறும்போது பார்த்தேன். பைக்கின் பின்பக்கம், நம்பர் பலகைக்கு மேலே, நீலமும் சிவப்புமாக ஓர் ஒட்டுத்தாள். நடுவில் நட்சத்திரம். அதன்கீழே "கொடி ஏழுமலை பேரன்" என்று வெள்ளை எழுத்து.

போகிற வழியில் அவன் தன் தாத்தாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தான். எங்கள் ஊர் பெயரைச் சொன்னான், மாட்டைச் சொன்னான். பெரிய பண்ணை என்றான். எங்களுக்கு எட்டு ஏக்கர்தான் இருந்தது, நான் திருத்தவில்லை. அந்த ஊர்தானா நீங்களும் என்று கேட்டான். ஆமாம், அன்று நான் அங்கேதான் இருந்தேன் என்றேன். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டான்.

"நெசமாவா? நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கொடிதானே டீச்சர்? அப்பப்ப சில பேரு இல்லன்றாங்க."

"கொடிதான்ப்பா. நான் கண்ணால பாத்தேன்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்ததை இப்போதும் பார்க்கிறேன். பஸ் நிறுத்தத்தில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒரு பை நெல்லிக்காய் வாங்கிக் கொடுத்தான். பஸ் புறப்படும்போது ஜன்னல் பக்கம் வந்து, "ஒரு நாள் கூட்டத்துக்கு வந்து சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க" என்றான். ஆமாம், நம்புவார்கள். அன்றும் நான் சொன்னதைத்தான் நம்பினார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது மாடு கிடையாது. மாட்டுப் பொங்கலுக்கு டிராக்டருக்குச் சந்தனம் வைக்கிறார்கள், மோட்டார் கொட்டாய் இருந்த இடத்தில் ரியல் எஸ்டேட் கல் நட்டிருக்கிறது. புளியமரத்தைச் சாலை அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள். விமானத்தின் வாலிலும் பறவை இல்லை. அந்தக் காகிதத்தையும் இல்லாமல் ஆக்கிவிட்டால் என்ன என்று இரண்டு முறை அடுப்புவரை கொண்டு போயிருக்கிறேன். விரித்துப் பார்க்கும்போது ஓரத்தில் பத்து வயதுப் பெண்ணின் விரல் தடம் வெள்ளையாகத் தெரிகிறது. மறுபடி மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன்.